ட்ரெமால்சோ சுற்றுக்கு வாடகை சைக்கிள்: எதைப் பார்த்து எடுப்பது?

இத்தாலியில் கார்தா ஏரிக்கு மேலே இருக்கிற ட்ரெமால்சோ என்ற மலைச் சைக்கிள் சுற்றை ஓட்டிவிட்டு வந்தேன் என்றதும் நண்பர்கள் கேட்பது இரண்டே கேள்விதான். எந்த பிராண்டு வண்டி? ஏறும்போது உயிர் போகவில்லையா? பிராண்டு எனக்குப் பெரிதாகப் படவில்லை. உயிரும் போகவில்லை. எனக்குப் பேசத் தோன்றுவது வாடகைக் கடைக்காரர் வண்டியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் செலவழித்த அரை மணி நேரத்தைப் பற்றி. கொடுத்த காசில் பாதி அதற்கே தகும்.

பிரேக் பற்றிய பேச்சு இதில் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் சென்னை பாடியில் வளர்ந்தவள். அப்பா பிரேக் பாகங்கள் செய்யும் ஆலையில் மூன்று ஷிஃப்டும் பார்த்தவர். நான் இப்போது மியூனிக்கில் லாரி பிரேக்குகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். மியூனிக்காரர்களுக்குக் கார்தா என்பது நமக்குக் கொடைக்கானல் மாதிரி. ப்ரென்னர் கணவாயைத் தாண்டி, ரொவெரெத்தோ பக்கம் இறங்கினால் ஏரி வந்துவிடும். ஊரிலிருந்து வந்திருந்த தம்பியையும் கூட்டிக்கொண்டு செப்டம்பர் கடைசியில் போனோம்.

கடையின் பெயரை எழுதவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அது ஒன்று. ஏரிக்கரை ஊரான ரீவா தெல் கார்தாவிலும் பக்கத்து ஊரான டோர்போலேயிலும் இப்படிக் கடைகள் நிறைய இருக்கின்றன, பருவத்துக்குப் பருவம் ஆட்கள் மாறுகிறார்கள், ஆள் மாறினால் சேவையும் மாறும், இது இன்னொன்று. பெயரைத் தெரிந்துகொள்வதைவிட என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது உதவும்.

நான் போன கடையில் வேலை பார்த்த பையன் உயரம், எடை எல்லாம் குறித்துக்கொண்டு அடுத்ததாகக் கேட்டான்: "முன் பிரேக் எந்தக் கைக்குப் பழக்கம்?" ஐரோப்பாவில் பெரும்பாலும் இடது லீவர்தான் முன் சக்கரத்துக்கு. நம் ஊரில், இங்கிலாந்தில் போலவே, வலது கைதான் முன் பிரேக். ஸ்கூட்டி ஓட்டிப் பழகிய கையும் அப்படித்தான். சமதரையில் இது ஒரு விஷயமே இல்லை. சரளை கொட்டிய கொண்டை ஊசி வளைவில், வண்டி சறுக்கும்போது, யோசிக்க நேரம் கிடையாது. பின் சக்கரத்தைப் பிடிப்பதாக நினைத்து இடது கை இறுக்கினால் முன் சக்கரம் நின்றுவிடும், ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழ வேண்டியதுதான். வலது கை என்றேன். அவன் தலையாட்டிவிட்டு க்ளாம்பைக் கழற்றி இரண்டு லீவர்களையும் இடம் மாற்றிப் போட்டான். அந்த மாடலில் லீவர் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும், ஆயில் ஹோஸைத் தொடவே வேண்டாம். எல்லா பிரேக்கும் அப்படி வராது. அதனால் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு வைப்பது நல்லது. ஆங்கிலேய வாடிக்கையாளர்களும் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் அடிக்கடி இதைக் கேட்பதாகச் சொன்னான். எனக்கு அந்த இடத்திலேயே கடை மேல் மரியாதை வந்துவிட்டது.

அப்புறம் சஸ்பென்ஷன். தோளில் பையை மாட்டி, பையில் தண்ணீரையும் நிரப்பிக்கொண்டு ஏறி உட்காரச் சொன்னான். பெரும்பாலானவர்கள் வெறும் ஆளாக உட்கார்ந்து அளவு பார்த்துவிட்டு, மறுநாள் நாலு கிலோ சுமையோடு போகிறார்கள். நான் பை, ஷூ எல்லாம் சேர்த்து 70 கிலோ. ஏறி உட்கார்ந்ததும், அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் பின் ஷாக் முப்பது சதவீதமும் முன் ஃபோர்க் இருபது சதவீதமும் இறங்கும்படி காற்றை வைத்தான். டயரில் ட்யூப் இல்லை, காற்றழுத்தம் முன்னால் 1.5 பார், பின்னால் 1.7. சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு இது பஞ்சரான டயர் போலத் தோன்றும். உடைந்த கல்லின் மேல் டயர் படிந்து பிடிக்க வேண்டுமென்றால் இந்த அளவுதான் வேண்டும்.

வண்டி 15 கிலோ, முன்னும் பின்னும் 150 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன். முன் கியர் 30 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 51. நான்கு பிஸ்டன் பிரேக், முன் டிஸ்க் 203 மில்லிமீட்டர். இதில் நான் குறை சொல்ல ஏதுமில்லை.

குறை தம்பியின் வண்டியில் இருந்தது. அவன் மின்சார மவுன்டன் பைக் கேட்டிருந்தான். 24 கிலோ வண்டி, பளபளவென்று நின்றது. டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேடை டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்னால் தகட்டின் மேல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கேட்டால் பையன், இன்னும் ஒரு நாள் தாராளமாக வரும் என்கிறான். அவனுக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு இது. ட்ரெமால்சோ உச்சியிலிருந்து ஏரிக்கரைக்கு இறக்கம் கிட்டத்தட்ட 1,800 மீட்டர். நானும் என் வண்டியும் 85 கிலோ. அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது ஒன்றரை மெகாஜூல் ஆற்றலை எங்கேயாவது தொலைத்தாக வேண்டும். நாலரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மெதுவாக இறங்குகிற பாதையில் மீதி பெரும்பங்கு டிஸ்க்குக்கும் பேடுக்கும்தான். தம்பியும் அவன் வண்டியும் 106 கிலோ. அவனுக்கு அதைவிடக் கால் பங்கு அதிகம். அதைத் தேய்ந்த பேடில் இறக்கச் சொல்கிறாயா?

பையன் உள்ளே போய் முதலாளியம்மாவைக் கூட்டி வந்தான். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, பேடைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், புதுப் பேட் வந்துவிட்டது. உலோகத் துகள் சேர்த்த வகையாகப் போடச் சொன்னேன். ரெசின் பேட் சத்தம் போடாது, தொட்டவுடன் பிடிக்கும், நகரத்துக்கு அருமை. நீண்ட இறக்கத்தில் சூடேறினால் பிடி தளரும். உலோக வகை கீச்சென்று கத்தும், சீக்கிரம் தேயாது, சூட்டைத் தாங்கும். காசு எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் நான் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த வண்டி அப்படியேதான் மலையேறியிருக்கும். இதற்கு மதிப்பெண் குறைக்காமல் இருக்க முடியாது. டார்ச் எடுத்துப் போங்கள், கூச்சப்படாதீர்கள்.

இனி பாதை. ரீவாவில் தொடங்கி ரீவாவில் முடியும் சுற்று, சுமார் 70 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 2,000 மீட்டரைச் சற்றுத் தாண்டும். ஏரி மட்டம் கடலிலிருந்து 65 மீட்டர்தான். அங்கிருந்து 1,860 மீட்டர் வரை போகிறோம்.

முதல் பகுதி பொனாலே பாதை. லேத்ரோ பள்ளத்தாக்குக்கு வண்டி போக வேண்டும் என்று 1851-இல் பாறையைக் குடைந்து போட்ட சாலை இது. பின்னாளில் கார் சாலையாக இருந்து, பாறைச் சரிவு தாங்காமல் மூடப்பட்டு, 2004-இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமாகத் திறக்கப்பட்டது. செங்குத்துப் பாறையின் இடுப்பில் சிறு சிறு சுரங்கங்கள் வழியாக ஏறும், கீழே ஏரி. படம் எடுப்பவர்கள் எல்லாரும் இங்கேதான் எடுக்கிறார்கள். ஏற்றம் சாதுவானது. கஷ்டம் மனிதர்களால்தான்: பத்து மணிக்கு மேல் குடும்பம் குடும்பமாக நடந்து வருகிறார்கள், எதிரே சைக்கிள்கள் இறங்குகின்றன. ஏழரைக்குப் போனால் பாதை உங்களுடையது. பாறை விழும் அபாயத்தால் சில சமயம் மூடிவிடுவதும் உண்டு, முந்தின நாள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

லேத்ரோ ஏரி 655 மீட்டரில். கார்தாவுக்கு முன்னால் இது ஒரு குளம்தான், எனக்கென்னவோ இதுதான் அதிகம் பிடித்தது. 1929-இல் நீர்மின் நிலையத்துக்காகத் தண்ணீரை இறக்கியபோது கரையில் ஆயிரக்கணக்கான மரத்தூண்கள் வெளியே தெரிந்திருக்கின்றன. வெண்கலக் காலத்தில் தண்ணீர்மேல் தூண் நட்டுக் கட்டிய வீடுகளின் மிச்சம். 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஆல்ப்ஸ் தூண்வீடுகளில் இதுவும் ஒன்று. மோலினாவில் அருங்காட்சியகம் இருக்கிறது. சைக்கிள் ஓட்டும் நாளில் அதற்கு நேரம் கிடைக்காது, தனியாக வாருங்கள்.

பெஸ்ஸெக்கா, தியார்னோ என்ற ஊர்களைத் தாண்டி ஆம்போலா கணவாய், 747 மீட்டர். அங்கே இடது பக்கம் திரும்பினால் ட்ரெமால்சோ கணவாய் வரை சுமார் 13 கிலோமீட்டர் தார்ச் சாலை, 900 மீட்டர் ஏற்றம். காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும். ஒரே சீரான ஏற்றம், பெரிய பல்லில் போட்டுவிட்டு மிதித்துக்கொண்டே இருக்கலாம். சலிப்பாகத்தான் இருக்கும். வார இறுதியில் மோட்டார் சைக்கிள்கள் காதருகே உறுமிக்கொண்டு போகும். இந்தச் சுற்றில் கால் வலிப்பது இங்கேதான், பயப்பட ஒன்றும் இல்லை. பாதியில் ஏற்றம் போதும் என்று தோன்றினால் வெட்கமில்லாமல் ரீவாவிலிருந்து வண்டியில் சைக்கிளை ஏற்றிக் கணவாயில் விடும் சேவையை அடுத்த முறை எடுத்துக்கொள்ளுங்கள். தார்ச் சாலையில் வியர்ப்பதில் தனியாக ஒரு பெருமையும் இல்லை.

தம்பிக்கு ஏற்றம் ஒரு பொருட்டாக இல்லை, பேட்டரிதான் பொருட்டு. 625 வாட்-மணி பேட்டரி. அவன் எடையையும் வண்டியையும் 2,000 மீட்டர் தூக்க, வேறு எந்த இழப்பும் இல்லாமலே, 580 வாட்-மணி வேண்டும். மோட்டார் சூடாவதில் கொஞ்சம் போகும், டயர் உருள்வதில் கொஞ்சம் போகும். ஆகவே மிச்சத்தை அவன் கால்தான் தர வேண்டும். இதைக் கடையிலேயே சொன்னேன், "அக்கா, நீ எல்லாத்துக்கும் கணக்குப் போடுவியா?" என்று சிரித்தான். பொனாலேயில், மோட்டார் முழு உதவி தரும் டர்போவில் பறந்தான், லேத்ரோ ஏரிக்கரையில் திரையைப் பார்த்தான், அதற்குப் பிறகு கடைசிவரை, உதவி மிகக் குறைவான ஈக்கோவை விட்டு விரல் நகரவில்லை. கணவாயில் என்னைவிட அவனுக்குத்தான் அதிகம் வியர்த்திருந்தது. வாடகைக்கு எடுக்கிறவர்கள் பேட்டரியின் அளவைக் கேளுங்கள். 750-க்கு மேல் இருந்தால் கொஞ்சம் தாராளமாக ஓட்டலாம். மோட்டாரின் முறுக்குவிசை எவ்வளவு என்பதைப் பற்றிக் கடைக்காரர் பெருமையாகச் சொல்வார், இந்தச் சுற்றுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

கணவாய் 1,665 மீட்டர். பக்கத்தில் உணவு விடுதி. பாலாடைக்கட்டி உருக்கிய பொலெந்தா சாப்பிட்டேன், சோளமாவுக் களிதான், உப்பு நன்றாகப் போட்டிருந்தார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த மலைகளில் பொலெந்தாவும் பாலாடைக்கட்டியும் காளானும் காப்பாற்றும். தம்பி உப்பில் ஊறவைத்த மாட்டிறைச்சி ஒன்று சாப்பிட்டான், ஏரியின் இந்த வடகரைப் பகுதியின் தனிச் சரக்காம்.

சாப்பிட்டபின் தார் முடிந்து சரளை. இன்னும் 200 மீட்டர் உயரம் ஏறினால் சுரங்கம் ஒன்று வருகிறது, உள்ளே இருட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மறுபுறம் வெளியே வந்தால் மலை அப்படியே சரிந்து கிடக்கிறது, அதில் இறங்குகிற சாலையின் வளைவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிகின்றன. ட்ரெமால்சோ பெயர் வாங்கியது இந்த இறக்கத்தால்தான்.

இது முதல் உலகப் போரில் இத்தாலியப் படை போட்ட சாலை. அன்று ரீவா ஆஸ்திரியாவுக்குச் சொந்தம், போர்முனை இந்த மலைகள் வழியாக ஓடியது. லேத்ரோ பள்ளத்தாக்கு மக்களை 1915-இல் ஆஸ்திரியர்கள் ஊரோடு பொஹீமியாவுக்கு, இன்றைய செக் நாட்டுப் பகுதிக்கு, அனுப்பிவிட்டார்கள். பீரங்கியும் தளவாடமும் மேலே ஏற வேண்டும் என்று இந்தச் சாலையைப் போட்டதால் சரிவு எங்கேயும் அளவு மீறவில்லை. வேலை காரணமாக எத்தனையோ மலைச் சாலைகளின் சரிவு வரைபடத்தைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு ஒழுங்காகக் கோடு போட்டவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். தொல்லை மேற்பரப்பில்தான். முஷ்டி அளவுக் கற்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல், தட்டினால் உருள்கிற மாதிரி கிடக்கின்றன. நேரான பகுதியில் வண்டி தானாக வேகமெடுக்கும், வளைவு வரும்போது அந்தக் கற்களின் மேல் வேகத்தைக் குறைக்க வேண்டும். வெளிப்பக்கம் தடுப்பு இல்லாத இடங்கள் பல.

இங்கேதான் கடையில் செலவான அரை மணி நேரம் வேலை செய்தது. வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கைப் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். தொடர்ந்து லேசாகத் தேய்த்துக்கொண்டே வந்தால் டிஸ்க்குக்கு ஆறும் நேரம் கிடைக்காது. லாரி ஓட்டுநர்களுக்கு மலைப்பாதையில் சொல்லிக்கொடுப்பதும் இதே பாடம்தான். ஓர் இடத்தில் பின் சக்கரம் வெளிப்பக்கமாக நழுவியது, கை தானாக இடது லீவரை விட்டது, வண்டி நிமிர்ந்தது. லீவரை இடம் மாற்றிப் போடாமல் இருந்திருந்தால் நான் விட்டது முன் பிரேக்காக இருந்திருக்கும். டயர் கற்களுக்கு மேல் துள்ளவே இல்லை. ஒரு விரல் போதுமாக இருந்தது. தம்பியின் புதுப் பேட் வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தது, எனக்கு அது இனிய சங்கீதம்.

பாஸோ நோத்தா (பாஸோ என்றால் கணவாய்) 1,200 மீட்டர் சொச்சம். அவசரமாக இருப்பவர்கள் இங்கே சுற்று முடிந்துவிட்டதாக நினைப்பார்கள், இல்லை. பாஸோ குயில், பாஸோ ரொக்கெத்தா என்று காட்டுக்குள் கொஞ்சம் ஏறியும் இறங்கியும் போக வேண்டும், சில இடங்களில் சுமந்தும். ரொக்கெத்தாவில் மரங்கள் விலகுகின்றன: காலடியில் ஆயிரம் மீட்டருக்கும் கீழே கார்தா, எதிர்க்கரையில் 2,200 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கிற மோன்தே பால்தோ. ஏரிக்கு மேலே ஓட்டும் சுற்று என்று பெயர், நாள் முழுக்க ஓட்டியும் பெரிய ஏரியைப் பார்ப்பது காலையிலும் இங்கேயும்தான்.

அடுத்து ப்ரெகஸீனா கிராமம் வரை வருவதுதான் தொழில்நுட்ப ரீதியாகக் கடினம். செங்குத்தான ஒற்றையடிப் பாதை, பாறைப் படிகள், இளகிய கல். சீட்டை முழுக்க இறக்கி, எடையைப் பின்னால் தள்ளி, நடை வேகத்தில் இறங்கினேன். மூன்றில் ஒரு பங்கைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். 24 கிலோ வண்டியைப் படிகளில் பிடித்து இறக்குவது தம்பிக்குப் பெரிய தண்டனையாகிவிட்டது. மின்சார வண்டி எடுப்பவர்கள் இந்த அரை மணி நேரத்தையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். ப்ரெகஸீனாவிலிருந்து மறுபடி பொனாலே, ரீவா.

கடையைப் பற்றி மிச்சம் இரண்டு குறைகள். காலை ஒன்பதுக்குத்தான் திறக்கிறார்கள். மதியத்துக்கு மேல் இந்த மலைகளில் இடிமழை கூடுவது வழக்கம், கோடையில் இன்னும் அதிகம், ஒன்பதுக்குக் கிளம்பினால் சரியாக இடி இடிக்கும் நேரத்தில் உச்சியில் நிற்பீர்கள். ஆகவே முந்தின மாலையே வண்டியை எடுத்தாக வேண்டும், அதற்கு அரை நாள் வாடகை தனியாக. என் வண்டிக்கு ஒரு நாளுக்கு 55 யூரோ, தம்பியின் வண்டிக்கு 90. அரை நாள் சேர்ந்ததும் பில் குத்தியது. ட்ரெமால்சோவுக்கு வருகிறவர்களை நம்பிப் பிழைக்கிற ஊரில் இதை மாற்றலாம். ஹெல்மெட் இலவசம், முழங்கால் கவசத்துக்குக் காசு. கவசத்தை எடுங்கள்.

இன்னொன்று முன்பணம். அட்டையில் இரண்டு வண்டிக்கும் சேர்த்து 600 யூரோ பிடித்து வைத்தார்கள். வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது பையன் ரிம், கியர், டிஸ்க் எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்டான், ஒரு சென்ட் பிடிக்கவில்லை, அதெல்லாம் நேர்மையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 600 அடுத்த வாரம் வரை கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. டெபிட் அட்டையைக் கொண்டு போகாதீர்கள்.